ஒன்பது கேள்வி, பதினாலு நாள்: மனச்சோர்வு இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்வது எப்படி

"எனக்கு டிப்ரஷன் இருக்கா?" என்று போனில் தேடினால் நிறைய தேர்வுகள் வந்து நிற்கும். அவற்றில் சில யாரோ பொழுதுபோக்குக்காகச் செய்தவை. ஆனால் மருத்துவர்கள் தங்கள் மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் அசல் கேள்வித்தாள்களும் அதே தேடலில்தான் கிடைக்கின்றன, காசு கேட்காமல், தமிழிலும். அவற்றில் உலகம் முழுக்க அதிகம் புழங்குவது பி.எச்.க்யூ-9 (PHQ-9; நோயாளி நிரப்பும் உடல்நலக் கேள்வித்தாள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்). ஒரே பக்கம், ஒன்பது கேள்வி, நிரப்ப ஐந்து நிமிடம்கூட ஆகாது. சில வாரங்களாக ஏதோ சரியில்லை, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை என்று இருப்பவர்களுக்கும், வீட்டில் அப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டு இருப்பவர்களுக்கும் இந்தத் தாளை எப்படி நிரப்புவது, வரும் எண்ணை எப்படிப் படிப்பது, எங்கே அதை நம்பக் கூடாது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு உடம்பு சுடுகிறதா என்று அம்மா புறங்கையை நெற்றியில் வைத்துப் பார்ப்பாரே, அந்த வேலைதான் இந்தத் தாளுக்கு. சுடுகிறது என்று தெரியும். டெங்குவா, டைபாய்டா, சாதாரண சளியா என்று தெரியாது. ஆனால் புறங்கையை வைத்துப் பார்க்காத வீட்டில் ரத்தப் பரிசோதனைக்கு யாரும் போவதும் இல்லை.

ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ், கர்ட் குரோன்கே ஆகிய அமெரிக்க ஆய்வாளர்களும் அவர்களோடு வேலை செய்தவர்களும் உருவாக்கிய தாள் இது. மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலானோர் முதலில் போவது மனநல மருத்துவரிடம் அல்ல, பொது மருத்துவரிடம்; அவருக்கோ ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள்தான். 1994ல் அவர்கள் வெளியிட்ட முதல் வடிவத்தில் மருத்துவரே உட்கார்ந்து கேள்வி கேட்க வேண்டியிருந்தது, அதற்கும் நேரம் இல்லை. எனவே 1999ல் நோயாளியே நிரப்பும் வடிவம் வந்தது, அதில் மனச்சோர்வுக்கான ஒன்பது கேள்விகளை மட்டும் சோதித்த ஆய்வு 2001ல் வெளியானது. இதற்கு நிதி தந்தது ஃபைசர் நிறுவனம், மனச்சோர்வுக்கான மாத்திரையும் விற்ற நிறுவனம் அது. இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அதே சமயம், அந்த நிறுவனத்தோடு தொடர்பில்லாத பலர் பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதித்த பிறகும் தாள் நிற்கிறது, யாரிடமும் அனுமதி கேட்காமல் நகலெடுக்கலாம் என்பதால்தான் இவ்வளவு பரவியது.

சரி, கேள்விகளுக்கு வருவோம். எல்லாமே கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்: இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் என்றால் 1, பாதி நாட்களுக்கு மேல் என்றால் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3.

முதல் கேள்வி, எதைச் செய்வதிலும் ஆர்வமோ இன்பமோ குறைந்துபோனதா என்பது. நம் ஊரில் இதை "எதுலயும் ஒட்டுதல் இல்ல", "சலிப்பா இருக்கு" என்று சொல்வோம். பேரனைத் தூக்கினால் வரும் சந்தோஷம் வரவில்லை, பிடித்த குழம்பு வைத்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, கிரிக்கெட் ஓடுகிறது, பார்வை டிவியில்தான் இருக்கிறது, மனசு இல்லை. இரண்டாவது, மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருக்கிறதா என்பது. இந்த இரண்டும்தான் தாளின் முதுகெலும்பு, ஏனென்றால் மனநல மருத்துவத்தின் வரையறைப்படி பெரும் மனச்சோர்வு என்று சொல்ல ஒன்பதில் குறைந்தது ஐந்து அறிகுறி, பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரமாவது இருக்க வேண்டும், அந்த ஐந்தில் இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கவனியுங்கள், இரண்டில் ஒன்று. அழுகையோ சோகமோ துளியும் இல்லாமலே மனச்சோர்வு இருக்க முடியும். இது தெரியாததால்தான் எத்தனையோ பேர் "நான் நல்லாத்தானே இருக்கேன், அழலையே" என்று நாட்களைத் தள்ளுகிறார்கள்.

மூன்றாவது தூக்கம்: வரவில்லையா, நடுவில் விழிப்பு வருகிறதா, அல்லது அளவுக்கு மீறித் தூங்குகிறீர்களா. நான்காவது அசதி. ஐந்தாவது பசி, குறைந்தாலும் சரி கூடினாலும் சரி. ஆறாவது, தன்னைப் பற்றியே மோசமாக நினைப்பது, தோற்றுவிட்டேன், குடும்பத்தைத் தலைகுனிய வைத்துவிட்டேன் என்ற எண்ணம். ஏழாவது கவனம், அதாவது செய்தித்தாளில் நாலு வரி படிப்பது, ஒரு நிகழ்ச்சியை உட்கார்ந்து பார்ப்பது. எட்டாவது, மற்றவர்கள் கவனிக்கும் அளவுக்குப் பேச்சும் நடையும் மெதுவாகிவிட்டதா, அல்லது நேர்மாறாக ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லையா. இந்த எட்டாவதை நம்மால் சரியாகச் சொல்ல முடியாது, கூட இருப்பவரைக் கேட்பது நல்லது. ஒன்பதாவது, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்பது. அதற்குத் தனியாக வருகிறேன். கடைசியில் மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வியும் உண்டு: இதெல்லாம் உங்கள் வேலையை, வீட்டை, மற்றவர்களோடு பழகுவதை எவ்வளவு சிரமமாக்கியிருக்கிறது? கூட்டலில் சேராது என்பதால் பலர் அதை விட்டுவிடுகிறார்கள், ஆனால் மருத்துவருக்கு மொத்த எண்ணைவிட இந்தப் பதில் அதிகம் சொல்லக்கூடும்.

நிரப்பும்போது எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. காரணம் சொல்லிக் கழித்துவிடுவது. "தூக்கம் வரலதான், ஆனா அது ஆபீஸ் டென்ஷன்." "பசிக்கல, வெயில்ல யாருக்குத்தான் பசிக்கும்." "அசதிதான், வீட்டு வேலை செஞ்சா அசதி வராதா." இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கண்டுபிடித்து எல்லாவற்றிலும் 0 போட்டுவிட்டு, "பாத்தியா, ஒண்ணுமில்ல" என்று மடித்துவைத்துவிடுவோம். தாள் ஏன் என்று கேட்கவில்லை, எத்தனை நாள் என்றுதான் கேட்கிறது. காரணத்தைப் பார்ப்பது அப்புறம், அது மருத்துவரோடு உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை. பதினாலு நாளை விரல்விட்டு எண்ணுங்கள், ஏழைத் தாண்டினால் அது பாதிக்கு மேல், அவ்வளவுதான். அதேபோல இன்றைக்கு நடந்த சண்டையை வைத்தோ, இன்று மட்டும் நன்றாக இருந்ததை வைத்தோ பதில் சொல்லாதீர்கள். பக்கத்தில் யாரும் எட்டிப் பார்க்காத நேரத்தில் நிரப்புங்கள். கணவர் தோளுக்குப் பின்னால் நிற்கும்போது ஆறாவது கேள்விக்கு எந்த மனைவியும் உண்மை எழுத மாட்டார்.

கூட்டினால் 0 முதல் 27 வரை ஏதாவது ஓர் எண் வரும். 5க்குக் கீழே என்றால் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 வரை மிதமானது, 15 முதல் 19 வரை சற்றுக் கடுமையானது, 20ஓ அதற்கு மேலோ கடுமையானது என்று பிரித்திருக்கிறார்கள். மருத்துவர்கள் பொதுவாகக் கோடு போடுவது 10ல். 10ஓ அதற்கு மேலோ வந்தால் ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும்.

இந்த 10 எவ்வளவு நம்பகமானது? இங்கேதான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும், ஏனென்றால் தாளைப் பற்றிய குழப்பம் எல்லாம் இங்கிருந்துதான் வருகிறது. 2001 ஆய்வில் 580 பேரை மனநல வல்லுநர்கள் தனியாகப் பேட்டி கண்டு, அதைத் தாளின் எண்ணோடு ஒப்பிட்டார்கள். உண்மையிலேயே பெரும் மனச்சோர்வு இருந்தவர்களில் 88 சதவீதம் பேருக்கு 10ஓ மேலோ வந்தது. இல்லாதவர்களில் 88 சதவீதம் பேருக்கு 10க்குக் கீழே வந்தது. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. இப்போது ஆயிரம் பேர் இந்தத் தாளை நிரப்புகிறார்கள், அவர்களில் 50 பேருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அந்த 50ல் 44 பேரைத் தாள் பிடிக்கும், 6 பேரை விட்டுவிடும். மீதி 950 பேரில் 12 சதவீதம், அதாவது 114 பேருக்கு, மனச்சோர்வு இல்லாமலே 10ஓ மேலோ வரும். ஆக 10ஐ எட்டியவர்கள் மொத்தம் 158, அவர்களில் உண்மையாகவே மனச்சோர்வு உள்ளவர்கள் 44 மட்டும். நான்கில் ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம்.

எனவே 12 வந்தது என்றால் "எனக்கு டிப்ரஷன்" என்று அர்த்தம் இல்லை. அந்த 114 பேரும் சும்மா இருப்பவர்களும் அல்ல, அவர்களுக்கும் ஏதோ ஒன்று சரியில்லை: தூங்கவில்லை, ஓடி ஓடி ஓய்ந்திருக்கிறார்கள், துக்கத்தில் இருக்கிறார்கள், உடம்பில் வேறு கோளாறு இருக்கிறது. அதேபோல 7 வந்தது என்றால் "ஒன்றுமில்லை" என்றும் அர்த்தம் இல்லை, விடுபட்ட அந்த 6 பேரில் நீங்கள் ஒருவராக இருக்கலாம். இரண்டு பக்கமும் இந்த இடைவெளி உண்டு. ஆங்கிலத்தில் இந்த வகைச் சோதனைக்கு வைத்திருக்கும் பெயரே ஸ்கிரீனிங், சலிப்பது என்ற பொருளிலும் புழங்குவதுதான். மாவு சலித்தால் கப்பியோடு கொஞ்சம் நல்ல மாவும் மேலே தங்கும், அதைக் கையால் பிரித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

நம் பக்கத்து எண்களிலேயே இது தெரிகிறது. சென்னையில் 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் இதே தாளைப் பன்னிரண்டு கேள்வியாக மாற்றிக் கேட்ட ஆய்வு 2009ல் வெளியானது. மனச்சோர்வு என்று கணக்கில் வந்தவர்கள் 15.1 சதவீதம். 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் பெங்களூருவின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், பேட்டி மூலம் நோயை உறுதிசெய்யும் முறையில், அப்போது மனச்சோர்வில் இருந்தவர்கள் 2.7 சதவீதம். ஊர் வேறு, ஆண்டு வேறு, முறை வேறு, நேராக ஒப்பிட முடியாதுதான். ஆனால் கேள்வித்தாளால் சலிப்பதும் பேட்டி எடுத்துத் தீர்மானிப்பதும் எவ்வளவு தூரம் விலகிப் போகலாம் என்று காட்ட இது போதும். அதே தேசிய ஆய்வு இன்னொன்றும் சொன்னது, மனச்சோர்வு உள்ளவர்களில் 80 சதவீதத்துக்கும் மேல் எந்தச் சிகிச்சையும் பெறவில்லை என்று. எனக்கு முதல் எண்களைவிட இதுதான் உறுத்துகிறது. அதிகம் பேரைத் தவறாகப் பிடித்துவிடுமோ என்ற கவலை நியாயம்தான், ஆனால் நம் ஊரில் இன்றைக்கு உள்ள பெரிய பிரச்சினை யாருமே பிடிக்காமல் விட்டுவிடுவது.

என் பெரியப்பா ஓய்வுபெற்ற பிறகு எட்டு மாதம் வயிற்றுக்காக அலைந்தார். எரிச்சல், பசியில்லை, உருண்டையாக ஏதோ அடைக்கிறது. எண்டோஸ்கோபி இரண்டு முறை, ஸ்கேன், மாத்திரைப் பை நிறைய மாத்திரை. எதிலும் ஒன்றும் இல்லை. கடைசியில் ஓர் இளம் மருத்துவர் இந்தத் தாளைக் கொடுத்தார். "மனசுக்கு என்ன, வயித்துக்குத்தான் வந்தேன்" என்று பெரியப்பாவுக்குக் கோபம். பெரியம்மா வற்புறுத்தி நிரப்பினார். 16 வந்தது. இரண்டாவது கேள்விக்கு, அதாவது சோகம், 0. ஒன்பதாவதுக்கும் 0. ஆனால் ஆர்வம், தூக்கம், அசதி, பசி நான்கிலும் 3. காலையில் டீக்கடைக்குப் போவதை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருந்தது, ரேடியோவைத் தொட்டே நாளாகியிருந்தது, "வயசாச்சுல்ல" என்று எல்லோரும் விட்டிருந்தோம். நம்மில் பலருக்கு மனசு உடம்பு வழியாகத்தான் பேசுகிறது: தலை பாரம், நெஞ்சுப் படபடப்பு, கை கால் ஓய்ச்சல், வயிறு. மனசு என்று கேட்டால் இல்லை என்பவர், பதினாலு நாளில் எத்தனை நாள் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று கேட்டால் சரியாகச் சொல்லிவிடுகிறார். இந்தத் தாளின் அருமை அதில் இருக்கிறது.

அதே காரணத்தால் இது ஏமாற்றவும் செய்யும். தூக்கம், அசதி, பசி, கவனம், மெதுவான நடை என்று ஐந்து கேள்விகள் உடம்போடு ஒட்டியவை. அவற்றில் மட்டுமே 15 மதிப்பெண் வாங்க முடியும். தைராய்டு குறைவாகச் சுரந்தால், ரத்தசோகை இருந்தால், பி-12 குறைந்தால், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால், சில மாத்திரைகளின் விளைவாகவும் இதே அறிகுறிகள் வரும். எனவே மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினால், "மனசுக்குன்னு வந்தா ரத்தம் எடுக்கறாங்களே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள், அவர் சரியாகச் செய்கிறார். தினமும் குடிப்பவராக இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இந்தத் தாள் கேட்கவே கேட்காத ஒன்றும் உண்டு. வாழ்க்கையில் எப்போதாவது நாள்கணக்கில் தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் இருந்த காலம் உண்டா? இருந்திருந்தால் அது இருதுருவக் கோளாறாக இருக்கலாம். அதன் தாழ்ந்த பக்கம் இந்தத் தாளில் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே தெரியும், ஆனால் சிகிச்சை வேறு. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு அது எதிர்ப்பக்கம் தூக்கிவிட்டுவிடும். கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டிய செய்தி இது. தெரிந்தவர் சாப்பிடும் மாத்திரையை, எண்ணைப் பார்த்துவிட்டு மருந்துக்கடையில் வாங்கிப் போடக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஒன்பதாவது கேள்விக்கு வருகிறேன். அதில் 1 இருந்தாலே மொத்த எண்ணைப் பார்க்காதீர்கள். மொத்தம் 6தான், லேசான வகைதான் என்று ஆறுதல் அடைய வேண்டாம், அன்றைக்கே ஒருவரிடம் பேசுங்கள். இந்தியாவில் 14416, டெலி மானஸ், ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச எண், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். இலங்கையில் 1926, தேசிய மனநல நிறுவனத்தின் எண். எண்ணம் அடிக்கடி வருகிறது, எப்படி என்று மனம் திட்டம் போடத் தொடங்கிவிட்டது என்றால் போனோடு நிறுத்தாமல் பக்கத்தில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், தனியாக இருக்காதீர்கள். வெளியே சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. எண்ணம் வருவது எந்தக் காலத்திலும் குற்றமாக இருந்ததில்லை. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பயப்படாதீர்கள். அப்படி விதைப்பதில்லை. நேராக, பதறாமல், "உயிரோட இருக்க வேண்டாம்னு தோணுதாம்மா?" என்று கேட்கலாம். ஆமாம் என்றால் திட்டாமல், "புள்ளைங்கள நினைச்சுப் பாரு" என்று பாரம் ஏற்றாமல், கூடவே இருங்கள்.

எல்லோருக்கும் இதே தாள்தான் என்றும் இல்லை. புதிதாகப் பிள்ளை பெற்றவரிடம் தூக்கம் கெட்டதா, அசதியா என்று கேட்டால் என்ன பதில் வரும்? அவர்களுக்காக ஸ்காட்லாந்தில் உருவாகி 1987ல் வெளியான எடின்பரோ அளவுகோல் இருக்கிறது. பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாளைப் பற்றி. தூக்கம் பற்றியும் ஒன்று உண்டு, ஆனால் குழந்தை அழுததால் கெட்ட தூக்கத்தை அது கேட்பதில்லை, மனத் துயரத்தால் தூங்க முடியவில்லையா என்றுதான் கேட்கும். "பச்ச உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று நம் வீடுகளில் கடந்துபோவது எவ்வளவோ உண்டு என்பதால், பிரசவமான பெண் இருக்கும் வீட்டில் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். முதியவர்களுக்கும் தனி அளவுகோல் இருக்கிறது, ஆமாம்-இல்லை என்று பதில் சொன்னால் போதும், உடம்பு பற்றிய கேள்விகளைப் பெரும்பாலும் தவிர்த்திருப்பார்கள். நேரமே இல்லை என்றால் பி.எச்.க்யூ-9ன் முதல் இரண்டு கேள்வியை மட்டும் போடுங்கள். 6க்கு 3ஓ மேலோ வந்தால் மீதி ஏழையும் நிரப்புங்கள்.

எங்கே நிரப்புவது என்பதிலும் கவனம் வேண்டும். பெயர், போன் எண், மின்னஞ்சல் கேட்கும் தளத்தில் வேண்டாம். ஆன்லைன் ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் நிறுவனம், வாடிக்கையாளர்கள் தந்த விவரங்களை விளம்பரத்துக்காகப் ஃபேஸ்புக் போன்ற நிறுவனங்களோடு பகிர்ந்தது என்று அமெரிக்க வர்த்தக ஆணையம் 2023ல் குற்றம்சாட்டி, 78 லட்சம் டாலர் கட்ட வைத்தது. தாளைப் பதிவிறக்கி ஜெராக்ஸ் எடுத்துப் பேனாவால் நிரப்புவதுதான் என் யோசனை. மேலே தேதி போடுங்கள்.

அந்தத் தாளையே மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். மனநல மருத்துவர்தான் வேண்டும் என்று இல்லை, வழக்கமாகப் பார்க்கும் பொது மருத்துவரிடமே ஆரம்பிக்கலாம். தமிழ்நாட்டில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கிடையாது. எதிரில் உட்கார்ந்ததும் வார்த்தை வராது, கண்ணீர்தான் வரும், அல்லது "தூக்க மாத்திரை மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவோம். அப்போது தாளை மேசைமேல் வைத்து, "இதை நிரப்பினேன், இவ்வளவு வந்தது, இந்த ரெண்டு கேள்விதான் ரொம்பப் படுத்துது" என்று சொன்னால் போதும். 5 முதல் 9 வரை வந்தவர்கள் உடனே ஓட வேண்டியதில்லை, இரண்டு வாரம் கழித்து மறுபடி நிரப்பிப் பாருங்கள், ஏறியிருந்தால் போங்கள். தினமும் நிரப்பாதீர்கள், கேள்வியே இரண்டு வாரத்தைப் பற்றியது என்பதால் தினமும் பார்ப்பதில் கவலை கூடுமே தவிர வேறொன்றும் தெரியாது.

சிகிச்சை தொடங்கிய பிறகு இதே தாள் இன்னொரு வேலை செய்கிறது. 5 மதிப்பெண் குறைந்தால் உண்மையான மாற்றம் என்றும், 5க்குக் கீழே வந்தால் கிட்டத்தட்ட மீண்டுவிட்டார் என்றும் மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். சில வாரங்களாகியும் எண் அசையவே இல்லை என்றால் மருந்தையோ அளவையோ மாற்றுவது பற்றிப் பேச அதுவே ஆதாரம். பெரியப்பாவுக்கு 16 என்பது ஆறு வாரத்தில் 11 ஆனது, ஐந்தாம் மாதம் 4. முதலில் இறங்கியது தூக்கம், அப்புறம் பசி, வயிற்று உருண்டை எப்போது போனது என்று அவருக்கே நினைவில்லை. முதல் கேள்விதான் கடைசிவரை 2லேயே நின்றது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தபோது அதைச் சுட்டிக்காட்டித்தான், மாத்திரையை இப்போது நிறுத்த வேண்டாம் என்று மருத்துவர் சொன்னார்.